நர்சிங் முடித்ததும் மதுரையில் முதல் வேலை: ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்

'நர்சிங் படித்தால் வேலைக்குப் பஞ்சமே இல்லை' என்று சொல்லித்தான் நம்மைச் சேர்த்துவிட்டிருப்பார்கள். ஒரு வகையில் உண்மைதான். கே.கே. நகர் பக்கம் ஒரு நடை நடந்தால் நாலு இடத்திலாவது 'ஸ்டாஃப் நர்ஸ் தேவை' என்ற பேப்பர் ஒட்டியிருக்கும். ஆனால் என்ன நிபந்தனையில் எடுக்கிறார்கள், ரெண்டு வருஷம் கழித்து அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு வெளியே வருவோம் என்பதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பி.எஸ்சி. நர்சிங், டி.ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்த இருவருக்கும் இது பொருந்தும். மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

ஆதாருக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நம் ஊரில் இனிஷியல்தான் வில்லன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா செ', ஆதாரில் 'கவிதா செல்வராஜ்', கல்லூரிச் சான்றிதழில் 'செ. கவிதா'. ஊருக்குள் இது மூன்றும் ஒரே ஆள். ஆன்லைன் பதிவுக்கு மூன்று ஆள். நர்ஸுகளுக்கான தேசியப் பதிவேடு ஆதாரோடு இணைந்தது என்பதால், பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் ஏதாவது கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் எழுத்துப்பிழை இருந்தால் கல்லூரி மூலமாக உடனே எழுதிப் போடுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகி வந்தபிறகு திருத்துவது பெரும்பாடு.

2. கவுன்சில் பதிவு

தேர்வு முடிவு (பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முடிவு) வந்து, புரொவிஷனல் எனப்படும் தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தொடங்க வேண்டிய வேலை இது. சென்னையில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிந்தால்தான் ஆர்.என்.ஆர்.எம். எண், அதாவது பதிவு பெற்ற செவிலியர், தாதி என்பதற்கான எண், கிடைக்கும். அது இல்லாமல் ஸ்டாஃப் நர்ஸ் என்று யாரும் உங்களை முறையாக எடுக்க முடியாது. 'டிரெய்னி' என்று போட்டு அதே வேலையைக் குறைந்த சம்பளத்துக்கு வாங்கிக்கொள்வார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். நீங்கள் ஏற்றும் ஸ்கேன் மங்கலாக இருந்தாலோ ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீங்கள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவீர்கள்.

சில கல்லூரிகள் மொத்த பேட்ச்சுக்கும் சேர்த்து அனுப்புகிறோம் என்று சொல்லும். சொல்லட்டும். என்றைக்கு அனுப்பினார்கள், விண்ணப்ப எண் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணும் கட்டண ரசீதும் இருந்தால், பதிவு வரும்வரை பொறுத்துக்கொள்ளும் மருத்துவமனைகளும் உண்டு.

பெங்களூரிலோ கேரளாவிலோ படித்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இதில் ஒரு படி கூடுதல். முதலில் படித்த மாநிலத்தின் கவுன்சிலில் பதிவு, அப்புறம் அங்கிருந்து தடையின்மைச் சான்று, அதன் பிறகுதான் தமிழ்நாட்டுப் பதிவு. இரண்டு மாநில அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்ளும் விவகாரம் இது. வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் யோசியுங்கள். ஹாஸ்டலைக் காலி செய்து வருவதற்கு முன்பே அங்குள்ள வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வி காட்டச் சொல்வார்கள். ஆகவே வேலையில் சேர்ந்தபின் எந்தப் பயிலரங்குக்குப் போனாலும் சான்றிதழை வாங்கி வையுங்கள்.

3. ஒரு ஃபைல், நாலு செட் ஜெராக்ஸ்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், எல்லா வருட நர்சிங் மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ், படிப்பை முடித்த சான்றிதழ், புரொவிஷனல், கவுன்சில் பதிவு, சாதிச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். இவ்வளவும் ஒரு ஃபைலில். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்துவிடுங்கள். கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எல்லாம் பார்த்து முடிய நாளாகும்.

எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து தெளிவாக ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கோரிப்பாளையத்துக் கடையில் ஜெராக்ஸ் மிஷினில் ஒரிஜினலை வைத்துவிட்டு மறந்து வருவது நடக்காத விஷயம் இல்லை.

இதே நேரத்தில் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் அடையாள ஆவணமாக அது இருக்கட்டும்.

4. ஊசியும் பி.எல்.எஸ். அட்டையும்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. முதல் வேலை கிடைத்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், ஊசி குத்து அபாயம் அதிகமாக இருக்கும் ஆரம்ப மாதங்களைப் பாதுகாப்பில்லாமல் கடப்பீர்கள். கடைசி வருடத்திலேயே ஆரம்பியுங்கள். போட்ட தேதிகளோடு சீட்டு வாங்கி வையுங்கள்; தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் சேரும்போதே கேட்கும்.

பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி ஒருநாள் வேலை, சில ஆயிரம் ரூபாய் செலவு. அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை இரண்டு வருடம்தான் செல்லும். பல பெரிய மருத்துவமனைகள் சேர்ந்தபின் தாங்களே பயிற்சி கொடுத்துவிடும். என் கருத்தில், கையில் காசு இறுக்கமாக இருந்தால் இதைத் தள்ளிப்போடலாம், ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

5. எங்கே போவது, எப்போது போவது

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களைவிட நேரில் போவதுதான் மதுரையில் இன்னும் வேலை செய்கிறது. ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியில் இறங்கினால் மேலூர் ரோட்டில் மீனாட்சி மிஷன், கே.கே. நகரில் அப்போலோ, சர்வேயர் காலனிப் பக்கம் தேவதாஸ் என்று ஒரே நாளில் ஒரு சுற்று முடியும். சொக்கிகுளத்தில் வடமலையான், கீழ வெளி வீதியில் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை, சிம்மக்கல்லைச் சுற்றியுள்ள நர்சிங் ஹோம்கள் இன்னொரு நாள். அனுப்பானடி வேலம்மாள் மருத்துவக் கல்லூரி தனியாக ஒரு நாள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நேரம் கோரிப்பாளையத்தைத் தாண்டுவதற்குள் இன்டர்வியூ முடிந்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கே போய் நிற்க வேண்டாம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அப்போது ரவுண்ட்ஸில் இருப்பார். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் போனால் பார்க்கலாம். எச்.ஆரிடம் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு வராமல், 'சூப்பரின்டென்டென்ட் மேடத்தை ஒரு நிமிஷம் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். எந்த வார்டில் ஆள் குறைகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அரவிந்த் கண் மருத்துவமனை வாசலில் பெண் ஊழியர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் அங்கே முயல்கிறார்கள். அங்கே பெரும்பாலான பணிகளுக்குப் பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நர்சிங் பட்டதாரிக்கு அது முதல் வாசல் இல்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவ வார்டு, மகப்பேறு மருத்துவமனை என்று அலைந்து நேரத்தை விடாதீர்கள். ஐசியூ, கேஷுவாலிட்டி, டயாலிசிஸ், கேத் லேப் (இதய ரத்தக்குழாய் சிகிச்சைக் கூடம்) என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் பணிக்கும் நர்சிங் முடித்தவர்களை எடுக்கிறார்கள்.

பெரிய மருத்துவமனையா, சின்ன நர்சிங் ஹோமா என்ற கேள்விக்கு என் பதில்: முதல் ரெண்டு வருஷம் நூறு படுக்கைக்கு மேல் உள்ள இடம். திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன இடம் வசதிதான். டிரெஸ்ஸிங், தியேட்டர், பிரசவம் எல்லாவற்றிலும் கை வைக்கலாம். ஆனால் சொல்லிக்கொடுக்க சீனியர் இருக்கமாட்டார், ராத்திரி டியூட்டி டாக்டர் போனில்தான் இருப்பார், கூட்டமான நாளில் பில்லும் நீங்களே போடுவீர்கள். படுக்கை எண்ணிக்கை பின்னால் எங்கே உதைக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

6. இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று இங்கிலீஷில் ஆரம்பிப்பார்கள். அதற்கு ஐந்து வரி தயாராக இருந்தால் போதும். மதிப்பெண் போவது கணக்கில்தான். '500 மில்லி டிரிப்ஸ், நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?' 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு. இந்த இரண்டையும் பேனா இல்லாமல் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் கழிவுக் கூடைகளின் நிறம். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், ஐ.வி. செட்டும் கதீட்டரும் சிவப்பில், ஊசி வெள்ளை நிறக் குத்தாத டப்பாவில், உடைந்த கண்ணாடி வயல் நீலத்தில். இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆரில் விகிதம் 30 நெஞ்சழுத்தத்துக்கு 2 மூச்சு, அழுத்தம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் ஏற்றலாமா என்று சாதாரணமாகக் கேட்பார்கள். கூடவே கூடாது, நீர்க்க வைத்து மெதுவாகத்தான். இதில் தடுமாறினால் மற்ற எல்லா பதிலும் வீண்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், 'சீனியரிடம் கேட்டுச் செய்வேன்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த சூப்பரின்டென்டென்ட்டும் அதற்காக ஆளைத் தள்ளிவிடமாட்டார். ஊகித்துச் சொல்கிறவரைத்தான் அவருக்குப் பயம்.

7. சம்பளம், பாண்டு, ஒரிஜினல்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

புதிதாக வருகிறவருக்கு மதுரைத் தனியார் மருத்துவமனைகளில் பேசப்படும் சம்பளம் பெரும்பாலும் பத்தாயிரத்துச் சொச்சத்தில்தான் நிற்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரை பேப்பரில் இருக்கிறது. அதைக் காட்டி இன்டர்வியூவில் வாதாடி வென்றவரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் நமக்கு என்ன மரியாதை நிர்ணயிக்கப்பட்டது என்று தெரிந்திருக்கட்டும்.

சொல்லும் தொகையைக் கேட்காதீர்கள், கையில் வருவதைக் கேளுங்கள். ஓர் உதாரணம்: 15,000 என்கிறார்கள். அதில் பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதிக்கான சம்பளம் 12,000 என்றால் 12 சதவீதம், 1,440 போகும். ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். ஹாஸ்டலும் மெஸ்ஸும் 2,500 என்று வைத்துக்கொண்டால் கையில் 10,947. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிப்பது நல்லதுதான், 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, பி.எஃப்.பில் மருத்துவமனையின் பங்கும் சேரும். இரண்டும் இல்லாமல் 'மொத்தமாகக் கையில் தருகிறோம்' என்பவரிடம்தான் யோசிக்க வேண்டும். அங்கே வேலை பார்த்ததற்கு அரசாங்க ஏட்டில் ஒரு வரிகூட இருக்காது.

கேட்க வேண்டிய மற்றவை: ஷிப்ட் எட்டு மணி நேரமா, பன்னிரண்டா? தொடர்ந்து எத்தனை நைட்? நைட் முடிந்து ஆஃப் உண்டா? பயிற்சிக்காலம் எத்தனை மாதம், அதன்பின் எவ்வளவு? ஹாஸ்டல் கட்டாயமா? இரவு ஒன்பது மணிக்கு மேல் டியூட்டி முடிந்தால் வண்டி உண்டா?

இனி ஒரிஜினல். நான் போன மருத்துவமனைகளில் ஒன்றில், எச்.ஆர். மேசையின் டிராயரைத் திறந்தபோது உள்ளே கட்டுக்கட்டாகச் சான்றிதழ்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ரப்பர் பேண்டு, மேலே ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலில் பெயரும் சேர்ந்த தேதியும். சில பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. 'ரெண்டு வருஷம் கழித்துத் தருவோம், இடையில் போனால் பணம் கட்ட வேண்டும்' என்றார் அந்த அம்மா, சேலை விலை சொல்வதுபோல. 'சரிபார்க்கத்தான் என்றால் இப்போதே பாருங்கள் மேடம், உட்கார்ந்திருக்கிறேன்' என்றேன். சேரும் தேதியைப் போனில் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். போன் வரவில்லை.

வராமல் போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரிஜினல் அங்கே கிடந்தால் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு உங்களால் போக முடியாது, வேறு இன்டர்வியூவுக்கும் போக முடியாது. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால், என்னென்ன கொடுத்தீர்கள், எப்போது திருப்பித் தருவார்கள் என்று லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன், இடையில் போனால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்தான் பாண்டு. அதில் கையெழுத்துப் போடச் சொன்னால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு நகல் தராத பாண்டு வேண்டாம். தேதி போடாத செக், வெற்றுப் பத்திரம், அப்பாவின் கையெழுத்து, இவை மூன்றில் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. பல இடங்களில் ஒரு வக்கீல் கடிதம் போனாலே டிராயர் திறந்துவிடும்.

8. அரசு வேலைக்கு ஒரு கண்

தனியாரில் சேர்ந்துகொண்டே இதைச் செய்யுங்கள். இதற்காக வீட்டில் உட்கார வேண்டாம். கே. புதூரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும், போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

மாநில அரசு மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. முதலில் தொகுப்பூதியம், காலியிடம் வரும்போது முறையான ஊதியம். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள், ஆகவே பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணிகள் தனி. மதுரை மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும், விண்ணப்பிக்க அவகாசம் குறைவாக இருக்கும். வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால் தவறிவிடும். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நார்செட் தேர்வு, பி.எஸ்சி. முடித்தவர்கள் உடனே எழுதலாம், டி.ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும்.

'ராஜாஜி ஆஸ்பத்திரியில் உள்ளே ஆள் இருக்கிறார், மூன்று லட்சம் கொடுத்தால் போஸ்டிங்' என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். அநேகமாக உங்கள் சொந்தக்காரர் மூலமாகவே வருவார். மாமா மனசு நோகுமே என்று பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

9. வளைகுடாக் கனவு உள்ளவர்களுக்கு

பெரும்பாலான இடங்களில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸுகள் அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மற்ற நாடுகளுக்கு ஏஜென்ட் மூலம் போனாலும் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அவர் ஏஜென்ட் இல்லை.

10. சேர்ந்த அன்றும் விலகும் அன்றும்

சேரும் அன்று நியமன உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். பி.எஃப். எண்ணான யு.ஏ.என். ஒன்றுதான், மருத்துவமனை மாறினாலும் அதையே கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டை மாதாமாதம் சேமியுங்கள்.

விலகும்போது நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துவிட்டு வாருங்கள். கோபத்தில் இடையில் நின்றால் அனுபவச் சான்றிதழ் கிடைப்பது சந்தேகம். அந்தச் சான்றிதழில் வெறும் 'நன்றாக வேலை செய்தார்' என்று இருந்தால் பயனில்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எந்த வார்டில் எத்தனை மாதம், முழுநேரப் பணி, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும், அலுவலகத் தொலைபேசியும் மெயிலும் இருக்க வேண்டும். நார்செட்டுக்கு டி.ஜி.என்.எம். காரர்களிடம் படுக்கை எண்ணிக்கையைக் கேட்பார்கள். வெளிநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனம் அந்த மெயிலுக்கே எழுதிக் கேட்கும். பதில் போட ஆள் இல்லாத நர்சிங் ஹோம் என்றால் உங்கள் ரெண்டு வருஷமும் கணக்கில் வராது. ஆகவே சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயரில் இனிஷியல் எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்பது உட்பட.